படிக்கட்டு உள்ள வீடு வேண்டும்

பம்பாயின் பரேல் பகுதியில் ஓர் அறை வீட்டில் அம்பேத்கரின் குடும்பம் குடியிருந்த நாட்களைப் பற்றி, அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் ஒரு செய்தியைச் சொல்கிறார். சமையல், படுக்கை, படிப்பு எல்லாவற்றுக்கும் அந்த ஓர் அறைதான். தந்தை ராம்ஜி மகனைச் சீக்கிரமே தூங்க வைத்துவிட்டுத் தான் விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க உட்கார வைப்பார். பிறகு மகன் படுத்திருந்த இடத்தில் தான் படுத்துக்கொள்வார். இருவரும் ஒரே நேரத்தில் கால் நீட்ட இடமில்லாததால், தகப்பனும் பிள்ளையும் இரவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

இது நடந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள லைன் வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறையில் நான்கைந்து பேர் இருப்பார்கள். காலை ஷிப்டுக்குக் கிளம்பியவரின் பாயில், இரவு ஷிப்டு முடித்து வந்தவர் படுத்திருப்பார்.

கைப்பேசியில் இப்போது சின்ன வீடுகளைப் பற்றிய காணொளிகள் நிறைய வருகின்றன. மடித்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் கட்டில், படிக்கட்டுக்கு அடியில் இழுப்பறை, இறக்கினால் மேசையாகும் பலகை என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள். அப்படிக் காட்டுபவர்களில் பலர் பெரிய வீட்டை விட்டு விரும்பிச் சிறிய வீட்டுக்கு வந்தவர்கள். நம் தெருவில் யாரும் விரும்பி வரவில்லை. கொடுத்த அளவுக்குள் வாழ்ந்துகொண்டிருக்கிறோம். இருந்தாலும் அந்தக் காணொளிகளை நான் கேலி செய்வதில்லை. அவற்றில் பாதி, நம் ஆயாக்களின் மண் வீட்டில் இருந்தவைதான். சுவரைக் குடைந்த விளக்கு மாடம், கேழ்வரகு மூட்டை ஏற்றிய பரண், கூரையில் தொங்கிய உறி, நாலு பேர் உட்காரவும் ஒருவர் படுக்கவும் உதவிய திண்ணை. சிறிய இடத்தில் வாழும் கலையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரசு கட்டிக்கொடுத்த வீட்டில் அந்தக் கலை எங்கே போயிற்று என்பதே என் கேள்வி.

அடுப்பு எங்கே வைப்பீர்கள்?

நான் வளர்ந்தது தேன்கனிக்கோட்டை வட்டத்தில் ஒரு காலனியில், எண்பதுகளில் கட்டிய தொகுப்பு வீட்டில். ஓர் அறை, முன்னால் சிறிய தாழ்வாரம், அவ்வளவுதான். மழை பெய்தால் எங்கெங்கே ஒழுகும் என்பது எங்களுக்கு மனப்பாடம். ஓரிடத்தில் குண்டானையும் இன்னோர் இடத்தில் தூக்குவாளியையும் வைப்போம். சமைக்க இடமில்லாததால் அம்மா பின்பக்கம் நாலு கம்பு நட்டு, மேலே ஷீட் போட்டு அடுப்பை வைத்துக்கொண்டார். சுவரில் ஒரு மாடம்கூட இல்லை. என் புத்தகங்கள் அரிசி டிரம்மின் மேல் இருந்தன. சோறு வடிக்கும் ஒவ்வொரு முறையும் அவற்றை எடுத்துக் கீழே வைக்க வேண்டும். எம்.ஏ. தேர்வுக்கு நான் படித்தது ஊராட்சி டிவி அறையின் படியில்.

“வீடு கட்டும்போது அத்தனை பேர் வந்து அளந்தாங்க. அடுப்பை எங்க வெப்பீங்கன்னு ஒருத்தர்கூட கேக்கல” என்று அம்மா இன்றும் சொல்வார்.

ஆனால் கேட்க வேண்டும் என்று விதி இருந்தது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்காக 1985-இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகளை எடுத்துப் பாருங்கள். வீட்டின் பரப்பு 20 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, அதைத் தவிர எந்த மாதிரி வடிவத்தையும் திணிக்கக் கூடாது, அமைப்பைப் பயனாளியின் விருப்பமும் உள்ளூர்ச் சூழலும் தீர்மானிக்க வேண்டும், ஒப்பந்ததாரர் கூடாது. இவ்வளவும் அதில் உண்டு. நடைமுறையில் எந்தக் காலனிக்குப் போனாலும் ஒரே பெட்டியை வரிசையாக அடுக்கிய மாதிரிதான் இருக்கிறது. தளியின் மார்கழிக் குளிருக்கும் கிருஷ்ணகிரியின் சித்திரை வெயிலுக்கும் ஒரே வடிவம்.

அளவு கொஞ்சம் வளர்ந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2010-இல் வந்த கலைஞர் வீடு வழங்கும் திட்டத்தில் 200 சதுர அடி. 2011-இல் வந்த பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடி. 2016-இல் வந்த பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் குறைந்தது 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி. 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி. ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். இது முன்னேற்றம்தான். ஆனால் ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு 72 சதுர அடி. அந்த ஐந்து பேர் பத்து ஆண்டுகளில் ஏழு பேர் ஆவார்கள். குடும்பம் வளரும்போது வீடும் வளர வழியிருக்கிறதா என்பதை வரைபடம் போடுகிறவர் யோசிக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு அந்த வழி இல்லை. தம்பிக்குக் கல்யாணம் முடிந்ததும் மேலே ஓர் அறை போடலாம் என்று நினைத்தோம். கொத்தனார் வந்து சுற்றிப் பார்த்தார். “இந்த அஸ்திவாரம் தாங்காதுண்ணா. தாங்கினாலும் படி எங்க வெப்பீங்க?” என்றார். தம்பி மனைவியை அழைத்துக்கொண்டு ஓசூருக்கு வாடகைக்குப் போனான். ஒரு படிக்கட்டு இல்லாததால் எங்கள் குடும்பம் இரண்டானது.

பாதி வீடு, முழு மரியாதை

இதற்கு வேறு இடங்களில் விடை கண்டிருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் ஆரண்யா என்றொரு குடியிருப்பு உண்டு. கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி எண்பதுகளில் வடிவமைத்தது. அங்கே ஏழைக் குடும்பத்துக்குக் கிடைத்தது முழு வீடு அல்ல. 35 சதுர மீட்டரில் தொடங்கும் மனை, அஸ்திவாரம், கழிப்பறை, தண்ணீர்க் குழாய், சில மனைகளில் ஓர் அறை. மீதியைக் குடும்பம் தன் வசதிப்படி, தன் விருப்பப்படி கட்டிக்கொண்டது. எப்படி வளர்க்கலாம் என்று காட்டுவதற்காக 80 மாதிரி வீடுகளை தோஷி கட்டிக் காட்டினார். திண்ணை, பால்கனி, வெளிப்படிக்கட்டு எல்லாம் அவற்றில் இருந்தன. 1995-இல் ஆகா கான் விருது அந்தக் குடியிருப்புக்குக் கிடைத்தது.

தென் அமெரிக்காவின் சிலி நாட்டில், இக்கீக்கே நகரத்தில், அலெஹாந்திரோ அரவேனா இதையே வேறு விதமாகச் செய்தார். நகரத்தின் நடுவே முப்பது ஆண்டுகளாகக் குடியிருந்த சுமார் நூறு குடும்பங்கள். அரசு கொடுத்த பணம் குடும்பத்துக்கு 7,500 டாலர். அந்தப் பணத்தில் நிலம் வாங்கி முழு வீடு கட்டுவதென்றால் அவர்களை ஊருக்கு வெளியே தள்ள வேண்டும். அரவேனா அதே இடத்தில் பாதி வீட்டைக் கட்டினார். ஏழைக் குடும்பத்தால் பிற்பாடு தானாகச் செய்ய முடியாத பாதி எதுவோ அதை அரசுப் பணத்தில் முடித்தார்: தாங்கும் அமைப்பு, சமையலறை, குளியலறை, படிக்கட்டு, கூரை. பக்கத்தில் அதே அளவு வெற்றிடம் விட்டார். 36 சதுர மீட்டரில் குடியேறியவர்கள் ஏறக்குறைய அதை இரட்டிப்பாக்கிக்கொண்டார்கள்.

செலவைக் குறைக்க நமக்குப் பக்கத்திலேயே வழி இருக்கிறது. 1945-இல் இந்தியாவுக்கு வந்து கேரளத்தில் நிலைத்துவிட்ட லாரி பேக்கர் செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுச் சுவர் கட்டச் சொன்னார். எலிப்பொறிக் கட்டு என்று பெயர். சாதாரணச் சுவரைவிட ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் மிச்சம். நடுவில் காற்று நிற்பதால் வெயிலும் குளிரும் உள்ளே குறைவாகவே இறங்கும். கூரைக் கான்கிரீட்டின் அடிப்பாகத்தில், பாரம் தாங்காத இடங்களில் பழைய மங்களூர் ஓட்டை வைத்து வார்த்தார். சிமெண்டும் கம்பியும் குறைந்தன. சுவர் எழும்போதே மாடமும் உட்காரும் மேடையும் சேர்ந்து எழுந்தன. இவற்றைச் செய்யும் கை நம் காலனியிலேயே இருக்கிறது. கொத்து வேலையும் கல் வேலையும் செய்து ஓசூரையும் பெங்களூரையும் எழுப்பியவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர்! கிருஷ்ணகிரியின் கிரானைட் கடல் கடந்து போய்ப் பல நாட்டு வீடுகளுக்குத் தரையாகிறது. அதை வெட்டி எடுத்தவர் வீட்டில் பிள்ளை எழுதுவதற்குச் சுவரில் ஒரு கல் பலகை பதிக்க முடியாதா?

வாடகை அறையும் வீடுதான்

தம்பி ஓசூரில் வீடு தேடியபோது நானும் உடன் போனேன். ஓர் இடத்தில் வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடித்த பிறகு வீட்டுக்கார அம்மா கேட்டார்: “தம்பி, உங்க ஊர்ல நீங்க எந்தத் தெரு?” தம்பி காலனிப் பெயரைச் சொன்னான். “வீட்டுக்காரரைக் கேட்டுட்டு சொல்றேன்” என்றார். அந்தப் பதில் இன்றுவரை வரவில்லை. தீண்டாமைக்கு எதிராக 1955-இல் வந்து, பின்னர் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய சட்டம், எந்தப் பகுதியிலும் எந்தத் தெருவிலும் குடியிருப்பதைத் தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம் என்கிறது. ஆனால் ‘கேட்டுட்டு சொல்றேன்’ என்பதை எந்தப் புகாரில் எழுதுவது?

கடைசியில் கிடைத்தது லைன் வீடு. ஒரே அறைதான் என்றால் அது குறைந்தது 9.5 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அதாவது 102 சதுர அடி. அடுப்பும் பாத்திரமும் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும் பத்துக்குப் பத்து அறை அந்த அளவையும் எட்டவில்லை. ஒரு பக்கம் மட்டும் ஜன்னல். வரிசைக்கே பொதுவான கழிப்பறை. எதிரெதிரே காற்று வழியும், தலைக்கு மேல் பரணும் இல்லாமல் லைன் வீடு கட்ட அனுமதி கொடுக்கக் கூடாது என்று மாநகராட்சி சொன்னால், அதற்குப் பெரிய செலவு ஆகாது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் அது படுக்கைக் கணக்கு. ஆலைக்கு ஆள் வேண்டும் என்றால் கட்டில் போதும். அந்த ஆள் கல்யாணம் செய்து பிள்ளை பெற்று, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி வாழ வேண்டும் என்றால் வீடு வேண்டும். தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும்போதே அதில் ஒரு பங்கைத் தொழிலாளர் குடும்பங்களின் வளரும் வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும். சாதி கேட்காத வாடகை வீடு வேண்டும் என்றால், அதை அரசு கட்டினால்தான் உண்டு.

என்ன கேட்கலாம்?

அடுத்த கிராம சபையில் எழுந்து கேட்க நம்மிடம் நான்கு கோரிக்கைகள் இருக்கின்றன.

ஒன்று, மாடி தாங்கும் அஸ்திவாரமும் வெளிப்படிக்கட்டும் வீட்டுத் திட்டத்தின் பகுதியாக வேண்டும். செலவு கூடும் என்பார்கள், உண்மைதான். எலிப்பொறிக் கட்டிலும் ஓடு வைத்த கூரையிலும் மிச்சமாவதை அதற்குக் கொடுக்கலாம். போதாவிட்டால் பூச்சு வேலையையும் டைல்ஸையும் நாங்கள் பிறகு செய்துகொள்கிறோம். பூச்சைப் பத்து வருடம் கழித்தும் பூசலாம். அஸ்திவாரத்தை அப்படிப் போட முடியாது.

இரண்டு, பரண், மாடம், பிள்ளை எழுத ஒரு கல் பலகை, அதன் மேல் ஒரு விளக்குப் பாயிண்ட். சுவர் எழும்போதே வைத்தால் சில நூறு, சில ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலை.

மூன்று, ஒரே வரைபடத்துக்குப் பதில் நாலைந்து வரைபடங்களை ஊரில் வைத்துக் காட்ட வேண்டும். அடுப்படியில் நிற்கிற பெண்கள் பார்த்துச் சொன்ன பிறகே கடைக்கால் தோண்ட வேண்டும்.

நான்கு, மனை. இதில்தான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். சின்ன வீட்டில் கெட்டிக்காரத்தனமாக வாழலாம் என்று நாம் பேசத் தொடங்கினால், ‘அப்படியானால் சின்ன மனையே போதுமே’ என்று பேசக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வீடு 360 சதுர அடியில் தொடங்கட்டும். மனை 3 சென்ட்டுக்கு, அதாவது 1,307 சதுர அடிக்குக் குறையக் கூடாது. மடக்குக் கட்டிலும் இழுப்பறையும் பட்டா நிலத்துக்கு ஈடாகாது.

பரேலின் அந்த அறையில் இரண்டு மணிக்கு எழுந்து படித்த பிள்ளை, 1930-களின் தொடக்கத்தில் தாதரில் ராஜகிருகம் என்று தனக்கு ஒரு வீடு கட்டியபோது, புத்தகங்களை மனதில் வைத்தே அதைக் கட்டினார். இடம் இல்லாமல் படித்தவருக்கு இடத்தின் அருமை தெரிந்திருந்தது.

தம்பி மகள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. இரவு ஷிப்டு முடித்து வந்து அப்பா தூங்கும் நாட்களில், அறை விளக்கை அணைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து படிக்கிறாள். போன வாரம் போயிருந்தபோது, என் செருப்புச் சத்தம் கேட்டு உதட்டில் விரலை வைத்து, “பெரியப்பா, அப்பா இப்பதான் படுத்தாரு” என்றாள். உள்ளே போகாமல், நானும் அவள் பக்கத்தில் அந்தப் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.