கம்பெனி மூடினாலும் ஓடும் கார்கள்



இந்த இதழின் சிறப்புப் பகுதி, இன்று இல்லாமல் போன அமெரிக்க கார் கம்பெனிகளைப் பற்றியது. பேக்கார்ட், ஹட்சன், நேஷ், பியர்ஸ் ஆரோ, கார்ட், டியூசன்பெர்க், ஸ்டூட்பேக்கர் என்று நீள்கிறது அந்த வரிசை. கம்பெனியே இல்லாத காருக்கு எதற்கு இத்தனை பக்கங்கள் என்று கேட்பீர்கள். கம்பெனி போன பின்னும் அந்தக் கார்களைக் கைவிடாமல் ஓட்டிக்கொண்டிருக்கிற மனிதர்களுக்காகத்தான்.

இந்தக் கம்பெனிகளில் பல, கார் சரியில்லாததால் மூடப்பட்டவை அல்ல. 1952ஆம் ஆண்டின் நாஸ்கார் பந்தயங்கள் 34இல் 27ஐ வென்றது ஹட்சன் ஹார்னெட். இரண்டே ஆண்டுகளில் ஹட்சன், நேஷ் கம்பெனியோடு இணைய வேண்டிய நிலை வந்துவிட்டது. செல்வந்தர்களின் வாசலில் நின்ற பேக்கார்ட் கார்களைச் செய்த டெட்ராய்ட் ஆலை 1956இல் நின்றது. காரணம் செலவு. ஆண்டுதோறும் புது வடிவம் காட்ட வேண்டும். அதற்குப் புது அச்சுகள் வார்க்க வேண்டும். அந்தச் செலவை ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் பல லட்சம் கார்களின் தலையில் பகிர்ந்து வைத்தன. சிறிய கம்பெனிகளுக்கோ அதே செலவைத் தாங்கக் கார்களின் எண்ணிக்கை போதவில்லை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் பெரிய கம்பெனிகள் இரண்டும் போட்டி போட்டு உற்பத்தியைப் பெருக்கி விலையை இறக்கியபோது, நடுவில் அகப்பட்டவை இவைதான்.

எங்கள் மனம் அதிகம் ஒன்றியது ஸ்டூட்பேக்கரின் கதையில். இண்டியானா மாநிலத்தின் சௌத் பெண்ட் நகரில், 1852இல், ஹென்றி, கிளமென்ட் என்ற இரு ஸ்டூட்பேக்கர் சகோதரர்கள் 68 டாலர் முதலோடு ஒரு கொல்லுப்பட்டறை திறந்தார்கள். இன்னொரு சகோதரர் ஜான், தங்கம் தேடி ஓடியவர்களோடு கலிஃபோர்னியாவுக்குப் போனார். அங்கே தங்கம் தோண்டாமல், தோண்டுகிறவர்களுக்கு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி செய்து விற்றார். 1858இல் 8,000 டாலர் சேமிப்போடு திரும்பி வந்து குடும்பத் தொழிலில் அதைப் போட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட தரப்பின் ராணுவத்துக்கு வண்டிகள் கொடுத்து வளர்ந்தது இந்தப் பட்டறை. 1902இல் மின்சாரக் கார், 1904இல் பெட்ரோல் கார் என்று காலத்தோடு நடந்தது. குதிரை வண்டி செய்த எத்தனையோ பேர் மோட்டார் வந்ததும் காணாமல் போனார்கள். இவர்கள் நிலைத்தார்கள்.

ஸ்டூட்பேக்கர் கார்களில் ஒரு சிறு ஏற்பாட்டைப் பார்த்தால் ரசிகர்களின் பித்து புரியும். மேட்டில் வண்டியை நிறுத்தி எடுப்பது புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு எவ்வளவு பதற்றம் என்று உங்களுக்குத் தெரியும். பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டரை மிதிப்பதற்குள் வண்டி பின்னால் உருளும். 1936இலேயே ஸ்டூட்பேக்கர் இதற்கு ஒரு வழி தந்தது. பெயர் ஹில் ஹோல்டர். பிரேக் எண்ணெய் போகும் வழியில் ஒரு வால்வு. அதற்குள் ஒரு சிறு உருண்டை. வண்டி மேடு நோக்கி நிற்கும்போது உருண்டை தன் எடையாலேயே பின்னுக்கு உருண்டு எண்ணெய் திரும்பும் வழியை அடைத்துவிடும். கிளட்ச் மிதித்திருக்கும் வரை, பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் பிடி விடாது. கிளட்சை விட்டு வண்டி நகரத் தொடங்கியதும் அடைப்பு விலகும். மின்சாரம் இல்லை, சென்சார் இல்லை; ஓர் உருண்டையும் பூமியின் ஈர்ப்பும் போதும். இன்றைய கார்களில் கம்ப்யூட்டர் செய்கிற வேலை இது.

ஸ்டூட்பேக்கரின் இன்னொரு படைப்பு 1962இல் அறிமுகமான அவான்டி. வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியின் குழுவினர் கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் ஒரு வீட்டில் தங்கிச் சில வாரங்களில் வடிவமைத்த கார். முகப்பில் வழக்கமான கிரில் கிடையாது. ஃபைபர்கிளாஸ் உடல். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். சில சுவிட்சுகள் விமானி அறையில் இருப்பதுபோல் ஓட்டுநரின் தலைக்கு மேலே. பானெட்டைக் கூர்ந்து பாருங்கள்: மேடு நடுவில் இல்லை, ஓட்டுநர் பக்கமாக ஒதுங்கியிருக்கும். அவர் பார்வை போகும் திசையைக் காட்டும் கோடு அது. வாங்குகிறவர் கவனிக்காமலே போகக்கூடிய இடத்திலும் ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அந்த யோசனையைக் கண்டுகொள்வதுதான் ரசனை.

அவான்டியாலும் கம்பெனியைக் காப்பாற்ற முடியவில்லை. 1963 டிசம்பரில் சௌத் பெண்ட் ஆலை மூடப்பட்டது. கனடாவின் ஹாமில்டன் ஆலை 1966 மார்ச் வரை தாக்குப்பிடித்தது. ஆனால் சௌத் பெண்டில் ஸ்டூட்பேக்கர் கார்களை விற்றுவந்த நேட் ஆல்ட்மன், லியோ நியூமன் இருவரும் அவான்டியின் உரிமையை வாங்கி, அதே ஊரில் 1965 முதல் அவான்டி 2 என்ற பெயரில் அதைச் செய்யத் தொடங்கினார்கள். கம்பெனி கைவிட்ட காரை அதை விற்றவர்களே எடுத்து வளர்த்தார்கள்!

ரசிகர்கள் அதற்கு முன்பே கூடிவிட்டார்கள். ஸ்டூட்பேக்கர் டிரைவர்ஸ் கிளப் தொடங்கியது 1962இல்; இன்றும் நடக்கிறது. பெட்டி பிரிக்காத பழைய உதிரிப் பாகங்களைத் தேடிப் பிடிப்பது, கிடைக்காத ரப்பர் பட்டைகளைப் புதிதாக வார்த்துக்கொள்வது, கார்பரேட்டரைப் பிரித்துச் சேர்க்கும் நுணுக்கத்தை அடுத்தவருக்குச் சொல்லித் தருவது என்று வேலைக்குக் குறைவில்லை. சௌத் பெண்டில் உள்ள ஸ்டூட்பேக்கர் அருங்காட்சியகத்துக்கு உங்கள் காரின் சீரியல் எண்ணைக் கொடுத்தால், ஆலையின் பழைய உற்பத்திச் சீட்டின் நகலைக் கட்டணத்துக்குத் தருகிறார்கள். முதலில் பூசிய வண்ணம் எது, என்னென்ன கூடுதல் வசதிகளோடு வெளியே வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். அமெரிக்க அதிபர் லிங்கன் சுடப்பட்ட இரவில் அவரை நாடக அரங்குக்கு ஏற்றிச் சென்ற குதிரை வண்டியும் இதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

இத்தனை அழகையும் சொல்லிவிட்டு, அந்த ஆலையில் வேலை செய்தவர்களைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கம் முழுமையாகாது. ஆலை மூடியபோது ஓய்வூதிய நிதியில் எல்லோருக்கும் கொடுக்கப் பணம் இல்லை. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களும் 60 வயதை எட்டியவர்களும் முழுத் தொகை பெற்றார்கள். 40 முதல் 59 வயது வரையிலான சுமார் 4,000 பேருக்குச் சேர வேண்டியதில் 15 விழுக்காடு அளவே கிடைத்தது. இளையவர்களுக்கு எதுவும் இல்லை. இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்தவர்களின் கதி இது. இந்த அநீதி நாட்டை உலுக்கியது. தொழிலாளர் ஓய்வூதியத்தைப் பாதுகாக்கும் சட்டம் 1974இல் நிறைவேறியதற்கு ஸ்டூட்பேக்கர் ஒரு முக்கியக் காரணமானது. ஆலை மூடினாலும் ஓய்வூதியத்துக்கு ஓர் அளவு வரை உத்தரவாதம் தரும் அரசு நிறுவனமும் அந்தச் சட்டத்தால்தான் உருவானது.

பழைய காரை நேசிப்பது வெறும் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. ஒரு கதவு இன்றும் பிசிறில்லாமல் சாத்துகிறது என்றால், அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் அதைச் சரியாகப் பொருத்தினார் என்று பொருள். அந்தக் கதவைப் பழுது பார்த்துக் காப்பவர், பெயர் தெரியாத அந்தத் தொழிலாளியின் வேலைக்கு மரியாதை செய்கிறார். கம்பெனியின் ஆயுளை முடிவு செய்வது கணக்குப் புத்தகம். அது செய்த பொருளின் ஆயுளோ, அதன் நுணுக்கத்தைக் கற்று அடுத்த கைக்குக் கொடுக்கிறவர்களிடம் இருக்கிறது.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு உங்கள் ஊர் மெக்கானிக் ஒருவர் நினைவுக்கு வரலாம். டி சோட்டோ, ஃபார்கோ என்ற அமெரிக்கப் பெயர்கள் தாங்கிய லாரிகள் நம் சாலைகளிலும் ஓடியவை. அவற்றைப் பிரித்து மேய்ந்த கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் பாகம் அடிக்கடி தொல்லை தந்தது, ஸ்பேர் கிடைக்காதபோது என்ன செய்து ஓட்டினார்கள், யாரிடம் தொழில் கற்றார்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். வண்டியின் படத்தோடு, அதைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்கின் படத்தையும் அவர் சம்மதத்தோடு அனுப்பினால் இன்னும் மகிழ்ச்சி. வரும் இதழ்களில் அவற்றுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்