தோல் சொல்லும் சேதி

சில மாதங்களுக்கு முன், ஞாயிறு திருப்பலி முடிந்தபின், லாரி ஓட்டும் சகோதரர் ஒருவர் தம் மனைவியுடன் அறைவீட்டுக்கு வந்தார். சட்டைக் கையை மடித்து, புயத்திலும் கழுத்திலும் நகம் கீறிய தடங்களைக் காட்டினார். “சாமி, குடித்த அரைமணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து அரிக்கிறது. அலர்ஜி மாத்திரை ஒன்று போட்டால் அடங்கிவிடும். இதனால் ஆபத்து ஏதும் உண்டா?” என்று கேட்டார். அவர் வெளியே சென்றபின், அதுவரை வாய் திறவாதிருந்த மனைவி, “குடியை நிறுத்த மாத்திரை இருக்கிறதாமே சாமி, அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கலாமா?” என்றார். இவ்விரு வினாக்களும் பல குடும்பங்களில் எழுபவையே. ஆதலால், பின்னர் அவ்விருவரின் இசைவையும் பெற்று, மருத்துவர் ஒருவரிடம் கேட்டறிந்தவற்றை ஈண்டு எழுதுகிறோம்.

மது உடலுக்குள் சென்றதும் கல்லீரல் அதனை முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப் பொருளாகவும், பின்னர் தீங்கற்ற வேறொரு பொருளாகவும் மாற்றுகிறது. இரண்டாவது மாற்றத்தைச் செய்யும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு நச்சு தேங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, சிலருக்கு அரிப்பும் உண்டாகிறது. சீனர், ஜப்பானியர், கொரியர் ஆகியோருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இக்குறை உண்டு. நம் நாட்டில் அரிது.

வேறு காரணங்களும் உள்ளன. ஒயின், பீர் முதலியன புளிக்கும்போது ஹிஸ்டமின் என்னும் பொருள் அவற்றில் உண்டாகிறது. தோலில் தடிப்பையும் அரிப்பையும் எழுப்புவது இதுவே. உடல் ஹிஸ்டமினைச் சிதைத்து வெளியேற்றும் வேலையையும் மது தடுக்கிறது. மதுவில் சேரும் தானியமோ, திராட்சையோ, கெடாமலிருக்கக் கலக்கும் கந்தகப் பொருளோ சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. முன்பே தடிப்பு நோய் உள்ளவர்களுக்கு மது அதனை மிகுதியாக்கும். அரிப்போடு உதடும் நாவும் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, மயக்கம் வந்தாலோ ஒரு நொடியும் தாமதியாது 108-ஐ அழைக்க வேண்டும். அது உயிருக்கே ஆபத்தான நிலை.

தடிப்பே இல்லாத அரிப்பு ஒன்றும் உண்டு. உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கும், இரவில் மிகும். பித்தநீர் வழியடைபட்டு இரத்தத்தில் தேங்குவதற்கு அது அடையாளமாக இருக்கலாம். கண் மஞ்சளிப்பு, சிறுநீர் கருத்தல், மலம் வெளிறுதல் ஆகியவை சேர்ந்தால் ஐயமே வேண்டா. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கல்லீரல் நெடுநாள் வாய் திறவாமல் நோயைத் தாங்கும் உறுப்பு. தோல் அதற்காகப் பேசும்போது கேளாதிருப்பது பேதைமை.

அந்தச் சகோதரரின் மாத்திரைக்கு வருவோம். அது தடிப்பை அடக்கலாம்; நச்சை அகற்றாது. மேலும், அலர்ஜி மாத்திரைகளுள் பல தூக்கம் தருபவை. மதுவும் தூக்கம் தருவதே. இரண்டையும் வயிற்றில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுபவர் தம் உயிரை மட்டுமா பணயம் வைக்கிறார்? எதிரே சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை என்ன பாவம் செய்தது?

மனைவியின் வினாவுக்கு விடையளிக்கையில் நம் பழைய குற்றம் ஒன்று நினைவுக்கு வந்தது. நாம் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த நாளில், கணவருக்குத் தெரியாமல் மருந்து கலப்பதாக ஒரு தாய் கூறினார். கண்ணீரைக் கண்டு இரங்கினோமேயன்றி, தடுக்கவில்லை. சில நாட்களில் ஒரு கலியாண வீட்டில் அவர் மது அருந்திச் சுருண்டு விழுந்தார். மருத்துவமனையில் பிழைத்தார், ஆனால் மனைவி கையால் உண்ணுவதை நெடுநாள் நிறுத்திவிட்டார்.

அம்மருந்தின் பெயர் டைசல்ஃபிராம். டென்மார்க்கில் புழுப்பூச்சி மருந்தாக ஆராயப்பட்டபோது, அதை உட்கொண்ட ஆய்வாளர்களே மது அருந்தியதும் நோயுற்றனர். 1948இல் அது குடிநோய்க்கான மருந்தாக அறிவிக்கப்பட்டது. மேலே கூறிய இரண்டாவது மாற்றத்தை அது தடுத்து, அந்நச்சையே உடலில் தேங்கச் செய்கிறது. இதயநோய் உள்ளவர் மாளவும் கூடும். மருந்தை நிறுத்திய பின்னும் இரு வாரம் வரை அதன் விளைவு நீடிக்கலாம். எனவே, குடிப்பவர் தாமே அறிந்து இசைந்து, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே அதனை உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினாலும் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் நேரிடலாம். தோலின்மேல் பூச்சி ஊர்வதுபோன்ற உணர்வும் சிலருக்கு வரும். அதற்கும் மருத்துவத் துணை வேண்டும்.

விருந்து வைப்போருக்கும் ஒரு சொல். ‘ஒரு வாய்தானே’ என்று வற்புறுத்தாதீர்கள். மது ஒவ்வாத குருக்கள், ஆயரின் அனுமதியுடன், புளிப்பு முற்றாத திராட்சை இரசத்தைக்கொண்டு திருப்பலி நிறைவேற்றலாம் என்று உரோமை 2003இல் தெளிவுபடுத்தியது. பலிபீடத்திலேயே உடலின் குறைக்கு இடமளிக்கப்படும்போது, பந்தியில் மறுப்பவரை எள்ளி நகையாடுவது முறையாகுமா?

அந்தத் தாய் மறைவாக எதையும் கலக்கவில்லை. அன்றிரவே கணவரிடம், “உங்களுக்குத் தெரியாமல் மருந்து வைக்க நினைத்தேன், அவ்வளவு பயந்துவிட்டேன்” என்று சொல்லி அழுதாராம். மறுவாரம் இருவரும் சேர்ந்தே மருத்துவமனைக்குச் சென்றனர். 1935இல் அமெரிக்காவில் தோன்றி, இன்று தமிழகத்திலும் கூடுகின்ற ‘பெயர் கூறாக் குடிநோயாளர்’ குழு ஒன்றுக்கும் அவர் சென்று வருகிறார். இடையில் ஒருமுறை தவறினார், மீண்டும் எழுந்தார். அவருடைய போர் இன்னும் முடியவில்லை.

அன்பார்ந்த குடும்பத்தாரே, உங்கள் இல்லத்தில் எவர் தோலாவது இச்சேதியைச் சொல்கிறதா? மாத்திரையால் அதன் வாயை மூடாதீர்கள். மறைவாக மருந்தும் கலவாதீர்கள். கைபிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.