கொப்பரையும் திரியும்

திருக்கார்த்திகை நாளில் அண்ணாமலை உச்சியில் ஏற்றப்படும் தீபத்தை, எச்சமயத்தினராயினும், இந்நகர மக்கள் நிமிர்ந்து நோக்காதிருப்பதில்லை. அத்தீபத்திற்குரிய நெய்யும் திரியும் ஆண்டுதோறும் புதியன. கொப்பரையோ ஆண்டுதோறும் புதிதாக வார்க்கப்படுவதன்று. பழுதிருப்பின் செப்பனிட்டு, வண்ணந்தீட்டி, மலைமேல் எடுத்துச் செல்வர். எதனை மாற்றுவது, எதனை வைத்துக் காப்பது என்னும் அறிவு இந்நகர்க்குப் புதியதன்று. அவ்வறிவு நம் கல்லூரித் தமிழ்த் துறையின் கணினியறைக்கும் வேண்டும் என்பதே யாம் ஈண்டு விண்ணப்பிக்கும் கருத்து.

அவ்வறையில் ஆறு மேசைக் கணினிகள் உள. அவை 2014ஆம் ஆண்டில் வாங்கப்பெற்றவை. இன்டெல் நிறுவனம் 2013இல் வெளியிட்ட நான்காந் தலைமுறைப் பிராசசரைக் கொண்டவை. வீட்டிற் கணினியில்லாத மாணவர்க்கு இவ்வாறுமே துணை. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும், இன்டெல் வகையாயின் பெரும்பாலும் 2017இல் தோன்றிய எட்டாந் தலைமுறை முதலான பிராசசரையும் வேண்டுவது. ஆகவே நேற்றுவரை இயங்கிய பொறிகள் இன்று காலங்கடந்தவை எனப் பெயர் பெற்றன. மாணவரிடையே இரு கட்சிகள் தோன்றின. ஆறனையும் அகற்றிப் புதியன வாங்குக என்பார் ஒரு சாரார். பெட்டியையும் திரையையும் வைத்துக்கொண்டு, ஆறனுக்கும் பிராசசரும் மதர்போர்டும் மாற்றுக என்பார் மற்றொரு சாரார். யாம் இவ்விரு கட்சியிலும் சேர்ந்திலேம்.

முதற் கட்சிக்கு நன்னூலே துணையாம் என்று எம் நண்பரொருவர் வாதித்தார். பழையன நீங்கிப் புதியன வருதல் குற்றமாகாது என்னும் பொருள்படப் பவணந்தி முனிவர் கூறியது மெய்யே. ஆயின் குற்றமாகாது என்றாரேயன்றிக் கடமையாம் என்றாரல்லர். அன்றியும், அவர் கூறியது காலத்தின் இயல்பால் நிகழும் மாற்றத்தை. எழுத்து ஓலையினின்று தாளுக்கு வந்தது காலத்தின் வேலை. நன்றாக இயங்கும் பொறி ஓர் அறிவிப்பினால் ஒரு நாளில் முதுமையடைவது காலத்தின் வேலை ஆகுமோ? அன்பர்களே எண்ணிப் பார்க்க.

இரண்டாங் கட்சியார் கூற்று இதனினும் தக்கது; எனினும் அதன் செலவை அவர் முற்ற எண்ணிலர். பிராசசர் என்பது தாய்ப்பலகையாகிய மதர்போர்டின் சாக்கெட்டில் அமர்வது. எம் கணினிகளின் சாக்கெட்டில் உள்ள தொடுமுனைகள் 1150. 2021இல் வந்த பன்னிரண்டாந் தலைமுறைப் பிராசசருக்குரிய சாக்கெட்டில் 1700. ஆதலின் புதிய பிராசசர் பழைய பலகையிற் பொருந்தாது. புதிய பலகையில் டி.டி.ஆர். 3 என்னும் பழைய மெமரி பொருந்தாது. ஒன்றை மாற்றப் புகின் மூன்றை மாற்ற வேண்டும். பழைய ஆடையிற் புதுத்துணியை ஒட்டுப்போடுவோனைக் குறித்து நம் ஆண்டவர் உரைத்த உவமை ஈண்டு நினைவுக்கு வருகின்றது. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மெமரியின் விலையோ மிக உயர்ந்தது. இதுவன்றி, கணினியோடு சேர்ந்து வந்த விண்டோஸ் உரிமம் அதன் மதர்போர்டோடு பிணைக்கப்பட்டது. பலகை மாறின் அவ்வுரிமம் பயன்படாது.

இப்பிணைப்பெல்லாம் இயற்கையின் விதியோ எனின், அன்று. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம். 4 சாக்கெட்டிற்கு 2017இல் ரைசன் பிராசசர்கள் வந்தன. 2022இலும் அதே சாக்கெட்டிற்குப் புதிய பிராசசர் வந்தது. இன்டெல் 1995இல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவுமுறையால், அம்முறைப்படி அமைந்த பழைய பெட்டியின் திருகுத் துளைகள் இன்றைய மதர்போர்டிற்கும் பொருந்துகின்றன. செய்வோர் மனம் வைப்பின் பழையதும் புதியதும் கூடி வாழும் என்பதற்கு இவை சான்று.

பின்னர், மாற்றுதற்கு அளவுகோல் யாது? தரங்கம்பாடி வரலாறு அதனைக் காட்டுகின்றது. சீகன்பால்கு ஐயர் அங்கே தமிழ் அச்சுப்பணி தொடங்கியபொழுது, ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரினின்று 1713இல் தமிழ் அச்செழுத்துகள் வந்தன. அவை அளவிற் பெரியன. தாளை மிகுதியாக விழுங்கின. புதிய ஏற்பாடு போன்ற பெருநூலுக்குத் தாள் போதாதெனக் கண்டு, அவரும் உடனூழியரும் சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்ப்பித்தனர். 1715இல் அந்நூல் அச்சில் முற்றுப்பெற்றது. அச்சுப்பொறி இருந்தபடி இருப்ப, வேலைக்குத் தடையாய் நின்ற உறுப்பைக் கண்டு அதனையே அவர்கள் மாற்றினர்.

எம் அறையில் தடையாய் நிற்கும் உறுப்பு யாது? மாணவர் அங்கே கட்டுரை தட்டெழுதுகின்றனர். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்திலும், 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் நூல்களைப் படிக்கின்றனர். அத்திட்டத்தின் தொடக்கக் காலத் தொண்டர்கள் சங்க நூல்களைத் தட்டெழுதிய கணினிகள் இன்றைய கைப்பேசிக்கும் ஈடாகா. கணினியைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருக்கும் மாணவன் பிராசசரை நோகின்றான். அவன் நோக வேண்டியது சுழலும் ஹார்ட் டிஸ்க்கையும் குறைந்த மெமரியையுமே. ஐந்து கணினிகளுக்கு எஸ்.எஸ்.டி. ஒன்றொன்று இடுக, மெமரியைக் கூட்டுக, லினக்ஸ் ஏற்றுக. சி-டாக் நிறுவனம் ஆக்கிய பாஸ் லினக்ஸ் தமிழிலும் இயங்குவது. அதற்கு உரிமக் கட்டணமும் இல்லை.

ஆறாவது கணினிக்கு மட்டும் புதிய பிராசசர், மதர்போர்டு, மெமரி ஆகிய மூன்றும் வேண்டுமென யாமே கேட்கின்றோம். நூலகத்தின் மேலடுக்கில் இம்மலரின் பழைய தொகுதிகள் உள. தாள் பழுத்து, திருப்புந்தோறும் விளிம்பு உதிர்கின்றது. அவற்றை ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தைத் தேடத்தக்க எழுத்தாக மாற்றுதல் வேண்டும். டெசரக்ட் என்னும் கட்டற்ற மென்பொருள் தமிழையும் அறியும். ஆயிரக்கணக்கான பக்கங்களை அவ்வாறு மாற்றுங்கால் பிராசசரின் வலிமையே காலத்தைக் குறைக்கும். ஈண்டுப் புதுமை அணியன்று, தேவை. அக்கணினியினின்று கழற்றும் பழைய மெமரி மற்றையவற்றிற்குப் பொருந்தும். பழைய பலகை அவற்றிற்கு மாற்றுறுப்பாய்க் கிடக்கும். மிஞ்சும் பணத்திற்கு ஒரு ஸ்கேனர் வாங்கலாம்.

இதற்குத் தடை கூறுவாரும் உளர். ஆதரவற்ற இயங்குதளம் அபாயம் என்பர். மெய், அதனாலேயே அதனை விடுத்து, பாதுகாப்புத் திருத்தங்கள் இடையறாது வரும் லினக்ஸை ஏற்க என்கின்றோம். அது பழக்கமில்லாதது என்பர். 1999இல் வகுத்த தமிழ்99 விசைப்பலகை அதிலும் உண்டு, விரல்கள் புதிதாகக் கற்பது சிறிதே. வேலை தேடும் இடத்தில் விண்டோஸ் அறிந்தவனையே விரும்புவர் என்பர், இத்தடை வலியுடையது. அதன்பொருட்டே ஆறாவது கணினியில் விண்டோஸ் 11உம் ஒருபால் இருத்தல் நன்று. பிற துறையார்க்குப் புதியன வர, தமிழ்த் துறைக்கு மட்டும் பழையனவோ என்பர். இக்குறையை யாமும் உணர்ந்ததுண்டு. ஆயினும் ஒரு துறையின் மதிப்பு மேசைமேல் இருக்கும் பெட்டியின் வயதில் இல்லை. அப்பெட்டியினின்று வெளிவரும் பணியில் உண்டு.

ஆதலின் கல்லூரித் தலைவர்களை யாம் பணிவுடன் வேண்டுவது: ஆறனையும் ஒருங்கே கழிப்பதற்கு ஒப்பமிடுமுன், ஒவ்வொரு கணினியின் வேலையையும் எழுதிக் கணக்கிடுக. உண்மையிற் பழுதானவற்றைப் பழைய இரும்புக் கடைக்கு விடாது, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்புவிக்க. பழைய மாணவர்களை வேண்டுவது: இத்தொழில் அறிந்தார் ஒரு சனிக்கிழமை வந்து, பெட்டியைத் திறந்து, பிராசசரை அமர்த்தி வெப்பப் பசை இடும் முறையை எமக்குக் கற்பிக்க. திருகாணி சுழற்றக் கற்ற தமிழ் மாணவன் தமிழிற் குறைந்துவிடான். அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன், இம்மலரின் முதல் தொகுதியை முதலாண்டு மாணவனொருவன் அவ்வறையில் திரையிற் படிப்பானாயின், யாம் கேட்டது கிடைத்ததென மகிழ்வோம்.