பிடிக்காதவர்கள் திருகை அணைத்துவிடலாமே!

1954-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு இங்கிலாந்தில் பி.பி.சி. ஸ்தாபனத்தார் டெலிவிஷனில் ஒரு நாடகம் நடத்தினார்கள். ஜார்ஜ் ஆர்வெல் எழுதி 1949-ல் வெளிவந்த "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு" என்னும் நாவலை நைஜல் நீல் என்பவர் நாடகமாக்க, ருடால்ப் கார்ட்டியர் என்பவர் நடத்தி வைத்தார். "நடத்தினார்கள்" என்று நாம் சொல்லுவதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். சில துண்டுகள் மட்டும் முன்பே பிலிமில் எடுத்தவையே தவிர, மற்றதெல்லாம் நடிகர்கள் ஸ்டூடியோவில் நடிக்க நடிக்க, ஜனங்கள் அந்தக் கணமே வீட்டிலிருந்து பார்த்தது. வசனம் மறந்தால் மறந்ததுதான்!

கதை என்னவென்றால், ஒரு கட்சி நாட்டை ஆளுகிறது. சுவரில் உள்ள ஒரு கருவி மனிதனை இரவு பகலாக வேவு பார்க்கிறது. "பெரியண்ணன்" படத்துக்குப் பக்தி செலுத்தியாக வேண்டும். பழைய பத்திரிகையையே இன்றைக்குத் தக்கபடி திருத்தி எழுதுகிறார்கள். அந்தத் திருத்தும் உத்தியோகம் பார்க்கும் வின்ஸ்டன் ஸ்மித் என்பவன் சொந்தப் புத்தியைக் கொண்டு யோசிக்கத் துணிந்துவிடுகிறான். பிடித்துக்கொண்டுபோய், இரண்டும் இரண்டும் ஐந்து என்று சொல்லும்படி வதைக்கிறார்கள். சொன்னால் மாத்திரம் போதாதாம், நம்பவும் வேண்டுமாம்! கடைசியில் எலிக்கூண்டை முகத்துக்கு நேரே கொண்டுவருகிறார்கள். வின்ஸ்டனாக நடித்தவர் பீட்டர் குஷிங்.

மறுநாளே கூச்சல் கிளம்பிற்று. பார்லிமெண்டில் கன்சர்வேடிவ் மெம்பர்கள் சிலர் கண்டனத் தீர்மானம் கொடுத்தார்கள். வியாழக்கிழமை இரண்டாம் முறை நடத்தவே கூடாது என்றார்கள் பலர். ஒரு பத்திரிகையோ, நாடகம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் செத்துப்போனதாகத் தலைப்புப் போட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைக்கு இதைவிட வேறு என்ன உதாரணம் வேண்டும்? அன்றிரவு ஜெபம் செய்துகொண்டே செத்தவர்கள் யாராவது இருந்திருந்தால் ஜெபத்தை நிறுத்தச் சொல்லியிருப்பார்களா?

ராணியின் புருஷர், தாமும் ராணியும் அதைப் பார்த்து ரசித்ததாகச் சொன்னார். அதையும் நாம் ஒரு அத்தாட்சியாகக் கொள்ளவில்லை. ராணி பார்க்காவிட்டால் நாடகம் கெட்டதாகிவிடுமா?

வதைக்கிற காட்சிகள் கொடூரமானவை என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். குழந்தைகளைப் படுக்க அனுப்பியிருக்க வேண்டியதுதான். பெரியவர்களுக்கும் பிடிக்காமல் போகலாம். ஆனால் பெட்டியில் ஒரு திருகு இருக்கிறதே, அது எதற்காக? ஆர்வெல் கதையில் வருகிற கருவியைத்தான் வீட்டுக்காரன் அணைக்க முடியாது. இவர்கள் வீட்டுப் பெட்டியை அணைக்க எந்தப் பெரியண்ணனுடைய உத்தரவும் வேண்டியதில்லை. அப்படியிருக்க, "நான் பார்க்கமாட்டேன்" என்பதோடு நில்லாமல் "நீயும் பார்க்கக்கூடாது" என்பதற்கு இவர்களுக்கு என்ன பாத்தியதை? கதையில் வரும் கட்சிக்காரர்கள் கேட்பதும் அந்தப் பாத்தியதையைத் தானே!

பி.பி.சி.யார் பணியவில்லை. 16-ந் தேதி வியாழக்கிழமை நடிகர்கள் எல்லோரும் திரும்ப வந்து, முதலிலிருந்து முழு நாடகத்தையும் மறுபடி நடித்தார்கள். அன்றைக்குத்தான், திரையில் தெரிந்ததை அப்படியே ஒரு பிலிம் காமிராவைக் கொண்டு பிடித்து வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நடித்தது காற்றோடு போயிற்று. நிறுத்து நிறுத்து என்று கூச்சல் போட்டார்களே, அந்த வியாழக்கிழமை நாடகந்தான் இன்றைக்கும் நாம் பார்க்கும்படி இருக்கிறது.