ஒரு சோறு பதம்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். காரணம், அமெரிக்காவின் க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு நம் நேரப்படி காலை 9.39-க்கு ஒரேயடியாக அனுப்பத் தொடங்கிய ஒரு பிழையான ஃபைல். 78 நிமிடங்களில் அதை வாபஸ் பெற்றது. அதற்குள் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. இது மைக்ரோசாஃப்டின் கணக்கு. அனுப்பியது தானாகப் போனது. அழிக்கத்தான் பல இடங்களில் ஆட்கள் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராகப் போக வேண்டியிருந்தது. படுத்த கம்ப்யூட்டர் சர்வரின் பேச்சைக் கேட்காதே! அதன் பிறகே படிப்படியாக அனுப்பும் முறைக்கு நிறுவனம் மாறியது. உங்கள் அலுவலகத்தில் 500 கம்ப்யூட்டர்களா? முதலில் ஐந்துக்கு அனுப்பிப் பாருங்கள். பந்திக்கு முன் பதம் பார்ப்பது நம் சமையற்கட்டின் பழைய பாடம்தானே.