விடுதியில் விடப்படும் பிள்ளை

அனுமந்தன்பட்டியிலும் சுற்றூர்களிலும் வாழும் பெற்றோர்களே! பிள்ளையை வெளியூர் விடுதிப் பள்ளியிலோ மத்ரஸாவிலோ சேர்க்குமுன் கட்டணத்தைக் கேட்கிறீர்கள், தேர்ச்சியைக் கேட்கிறீர்கள். அங்கே அவன் மனமகிழ்வோடு இருப்பானா என்று விசாரித்ததுண்டா?

மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்கள் தம் வயதொத்த வாலிபர்களுடன் வந்து, அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் இருபது இரவுகள் தங்கி மார்க்கம் கற்றார்கள். அவர்களுக்கு வீட்டு ஏக்கம் வந்துவிட்டதை நபியவர்கள் தாமே உணர்ந்தார்கள். ஊரில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என வினவி, குடும்பத்தாரிடம் திருப்பி அனுப்பினார்கள். புகாரி ஷரீஃபில் பதிவான செய்தி இது. வாலிபர்களுக்கே அவ்வாறெனில், பத்து வயதுப் பாலகனின் அழுகையை அதட்டி அடக்கும் விடுதி யாருடைய ஸுன்னத்தைப் பின்பற்றுகிறது?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் பிள்ளைகளை அடிப்பதைத் தடுக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மத்ரஸாக்களுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்களித்தது. பிரம்புக்குக் கிடைத்த அனுமதியென்று அதை எவரும் கருதிவிட வேண்டாம்! நம் பொறுப்பு அதனால் கூடுகிறதேயன்றிக் குறையவில்லை.

ஆகவே, பிள்ளையையும் உடன் அழைத்துச் சென்று பாருங்கள். உறங்குமிடத்தையும் சமையற்கட்டையும் காட்டச் சொல்லுங்கள். அங்குள்ள சிறுவர்களிடம் தனியே பேசுங்கள்; உஸ்தாத் வரும்போது அவர்கள் முகம் மலர்கிறதா, வாடுகிறதா என்று கவனியுங்கள். சேர்த்த பின்னர் ஒருநாள், "அத்தா, என்னை அழைத்துப் போங்கள்" என்று அவன் அழுதால், தொலைபேசியிலேயே ஏசிவிடாமல், நேரில் சென்று காரணத்தைக் கேளுங்கள்.