கைநாட்டுக் காலம் போன் வழியாகத் திரும்பி வரக் கூடாது

நமது தோட்டங்களில் இன்று டச் போன் இல்லாத லயம் இல்லை. சம்பளச் செய்தி, சங்கத்தின் கூட்ட அறிவித்தல், பாடசாலைத் தகவல், மரண அறிவித்தல், மண்சரிவு எச்சரிக்கை எல்லாமே முதலில் வந்து சேர்வது வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும்தான். ஆனால் அறுபது வயதைத் தாண்டிய நமது தாய்மாரும் தகப்பன்மாரும் பலர் இந்தச் செய்திகளைப் பேரப்பிள்ளை சொன்னால்தான் தெரிந்துகொள்கிறார்கள். பிள்ளை சொல்ல மறந்தால் அவர்களுக்குச் செய்தியே இல்லை. மூத்தவர்களுக்குப் போன் பழக்குவதை அந்தந்த வீட்டுக்காரர் பாடு என்று விட்டுவிட முடியாது. அது தொழிற்சங்கம் கையில் எடுக்க வேண்டிய வேலை என்பது நமது உறுதியான கருத்து.

ஏன் சங்கத்தின் வேலை?

நமது மக்களின் வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் காரணம் விளங்கும். துண்டு முறை இருந்த காலத்தில், கடன் கணக்கு எழுதிய ஒரு துண்டுக் காகிதம் ஒரு குடும்பத்தையே தோட்டத்தோடு கட்டிப்போட்டது. அதில் என்ன எழுதியிருந்தது என்று பெரும்பாலானவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டு ஒழிந்தது. பிறகு 1948இல் பிரஜாவுரிமை பறிபோனபோது நம்மவர்கள் விண்ணப்பப் படிவங்களோடு அலைந்தார்கள். யாரோ எழுதினார்கள், யாரோ வாசித்துக் காட்டினார்கள், நம்மவர்கள் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார்கள். வாசித்துக் காட்டியவர் நல்லவராக இருந்தால் தப்பினோம். இல்லாவிட்டால் ஏமாந்தோம்.

இன்று மைப்பெட்டிக்குப் பதிலாகப் போன் வந்திருக்கிறது. டவுனில் போன் விற்பவர் கணக்குத் திறந்து கொடுக்கிறார். ரகசிய இலக்கம் அவருக்குத்தான் தெரியும். பக்கத்துக் காம்பராப் பையன் "அம்மாயி, இதை அமத்துங்க" என்கிறான், அம்மாயி அமத்துகிறார். எதற்குச் சம்மதம் கொடுத்தோம் என்று அவருக்குத் தெரியாது. இதுவும் கைநாட்டுத்தான். பையன் நல்ல பிள்ளையாகவே இருக்கலாம். ஆனாலும் ஒரு மனுஷி தன் விஷயத்துக்கு எப்போதும் இன்னொருவர் கையை எதிர்பார்த்து நிற்பது நல்ல நிலைமை இல்லை.

1920களில் கோ. நடேசய்யர் "தேசபக்தன்" நடத்தியபோது, எழுத்துத் தெரியாதவர்களுக்கு அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் அரசியலைப் பாட்டாகப் பாடிச் சொன்னார். வாசிக்கத் தெரியாதவருக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறை நமது தொழிற்சங்க இயக்கத்துக்குத் தொடக்கத்திலேயே இருந்தது. அந்த வேலையின் இன்றைய பகுதிதான் இது.

மூன்று காரியங்கள்

முதலாவது, உறவு. எத்தனையோ வீடுகளில் மகள் குவைத்திலோ சவூதியிலோ வேலை செய்கிறாள். மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். பேரப்பிள்ளைகளை வளர்ப்பது அப்பாயியும் அம்மாயியும்தான். மகளோடு பேச வேண்டுமென்றால் யாராவது இமோவையோ வட்ஸ்அப்பையோ எடுத்துக் கொடுக்க வேண்டும். எடுத்துக் கொடுத்தவர் பக்கத்திலேயே நிற்பார். வேலை வீட்டில் அடிக்கிறார்களா, சம்பளம் ஒழுங்காகத் தருகிறார்களா, இங்கே மருமகன் அனுப்பிய காசை என்ன செய்கிறார் என்பதையெல்லாம் நாலு பேர் நிற்க ஒரு தாய் எப்படிக் கேட்பாள்? மகள்தான் எப்படிச் சொல்வாள்? தாயும் மகளும் தனியாகப் பேச ஒரே வழி, தாய்க்குத் தானே கோல் எடுக்கத் தெரிவதுதான். மகளுக்கு அங்கே சிக்கல் என்று தெரிந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம் என்பதையும் அந்தத் தாய் அறிந்திருக்க வேண்டும்.

இன்னொரு உறவும் இருக்கிறது. 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கணக்குப் போட்டது. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்கள் பலர் இன்று நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் குடியிருக்கிறார்கள். அவர்களைத் தேடக்கூடிய பெயர்களும் ஊர்களும் நமது மூத்தவர்களின் ஞாபகத்தில்தான் இருக்கின்றன. அந்த ஞாபகத்தோடு அவர்களே பேஸ்புக்கில் தேடினால், இந்தத் தலைமுறையோடு அறுந்துபோக இருக்கும் உறவுகளில் சிலதாவது மீண்டும் ஒட்டும்.

இரண்டாவது, சம்பளமும் சலுகைகளும். 2024 மே தினத்தில் கொட்டகலையில் நாட்சம்பளம் 1,700 ரூபா என்று ஜனாதிபதி அறிவித்தார். ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. மே மாதத்தில் 1,700 பற்றி வந்த செய்தி பொய்யில்லை. அதையே ஆகஸ்டில் ஒருவர் திருப்பி அனுப்பினால், வாங்கிப் பார்க்கிறவர் ஏமாந்து போவார். ஒரு செய்தியின் திகதியைப் பார்க்கத் தெரிவது நமது வயிற்றோடு சம்பந்தப்பட்ட விஷயம். ஊழியர் சேமலாப நிதிக்கு அலையும் ஓய்வுபெற்றவருக்கும், அஸ்வெசுமப் பட்டியலில் தன் பெயரைத் தேடும் முதியவருக்கும் இது இன்னும் முக்கியம்.

மூன்றாவது, உயிர். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க மாட்டோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தை என்ன பாடு படுத்தியது என்பதும் எல்லாருக்கும் தெரியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறங்களில் விடுகிறது. மஞ்சள் என்றால் கவனமாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும். சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். பகல் நேரத்தில் லயத்தில் இருப்பது யார்? வேலைக்குப் போனவர்கள் மலையில் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பது கிழவன் கிழவியும் குழந்தைகளும். எச்சரிக்கை வந்திருக்கும் போன் மகனின் சட்டைப் பையில் இருந்து பயனில்லை. வீட்டில் இருப்பவருக்கு அதைப் பார்க்கவும், 117 என்ற அனர்த்த முகாமைத்துவ நிலைய இலக்கத்துக்கு அழைக்கவும் தெரிய வேண்டும். புயல் நேரத்தில் டவர் விழுந்தால் போனும் ஊமையாகிவிடும் என்பதையும் பார்த்தோம். ஆகவே கோயில் மணியும் ஒலிபெருக்கியும் கூடவே இருக்க வேண்டும்.

எப்படிப் பழக்குவது?

கொழுந்து எடுக்க நாம் எப்படிப் பழகினோம் என்று யோசியுங்கள். பழகிய பெண் பக்கத்து நிரையில் நின்று காட்டினாள். நமது கூடையை வாங்கித் தானே நிரப்பித் தரவில்லை. போனிலும் அதேதான் முறை. பழகுகிறவர் கையில்தான் போன் இருக்க வேண்டும். சொல்லிக் கொடுக்கும் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு வாயால் சொல்லட்டும். "குடுங்க, நான் செஞ்சு தாறேன்" என்று ஒரு தடவை வாங்கினால் அன்றைய பாடம் போய்விட்டது.

முதலில் போனைத் தயார்ப்படுத்துங்கள். மொழியைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தைப் பெரிதாக்குங்கள். முகப்பில் கோல், வட்ஸ்அப், கேமரா மூன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை உள்ளே தள்ளுங்கள். மகள், மகன், தோட்டத் தலைவர் ஆகியோரின் இலக்கங்களுக்கு அவரவர் படத்தைப் போடுங்கள். எழுத்துத் தெரியாவிட்டாலும் முகம் தெரியும் அல்லவா?

நாற்பது வருடம் கொழுந்து கிள்ளிய விரல் காய்த்துப் போயிருக்கும். அந்த விரலை டச் போன் சில நேரம் உணராது. அப்போது விரலைத் துடைத்து மெதுவாகத் தொடச் சொல்லுங்கள். பட்டன் போனில் அமத்திப் பழகியவர்கள் இதிலும் அழுத்திப் பிடிப்பார்கள், வேறு ஏதாவது திறந்துகொள்ளும். அதனால் போன் பழுதாகிவிடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். விரல் ரேகைப் பூட்டு இவர்களுக்குச் சரிவராவிட்டால் இலக்கப் பூட்டு போடலாம். அந்த இலக்கத்தை அவர்களே தெரிவு செய்யட்டும்.

ஒரு நாளைக்கு ஒரு பாடம் போதும். வந்த கோலை எடுப்பது ஒரு நாள், தானே கோல் எடுப்பது மறுநாள். மூன்றாவது பாடமாக வொய்ஸ் மெசேஜைப் பழக்குங்கள். மைக் படத்தை அமத்திப் பிடித்துப் பேசி விரலை எடுத்தால் மெசேஜ் போய்விடும். பேனா பிடிக்காதவருக்கும் கடிதம் எழுத இது ஒரு வழி. வீடியோ கோலை விட டேட்டாவும் மிகக் குறைவாகவே போகும்.

பேஸ்புக்கைக் கடைசியாக வையுங்கள். வட்ஸ்அப்பில் மகளுக்கு ஒன்று அனுப்புவது காம்பராவுக்குள் பேசுவது போல. பேஸ்புக்கில் எல்லாருக்கும் போடுவது பிரட்டுக் களத்தில் ஒலிபெருக்கி பிடித்துப் பேசுவது போல. இந்த வித்தியாசம் பிடிபட்ட பிறகு படம் போடப் பழக்குங்கள். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், பேரப்பிள்ளை படிக்கும் பாடசாலை விபரம் ஆகியவை பிரட்டுக் களத்தில் சொல்கிற விஷயங்கள் இல்லை என்பது அப்போது அவர்களுக்கே விளங்கும்.

ஏமாறாமல் இருக்க

மோசடிக்காரர்கள் நமது மூத்தவர்களைத்தான் குறி வைக்கிறார்கள். மூன்று விதிகளைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

ஒன்று: போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. உங்கள் இலக்கத்தை வைத்துத் திருடன் தன் போனில் வட்ஸ்அப் திறக்கப் பார்க்கும்போது அந்த எண் உங்களுக்கு வரும். "தவறி உங்களுக்கு அனுப்பிவிட்டேன், சொல்லுங்கள்" என்று தெரிந்தவர் பெயரிலேயே கேட்பான். சொன்னால் உங்கள் கணக்கு அவன் கைக்குப் போய்விடும். பிறகு உங்கள் பெயரில் உங்கள் சொந்தக்காரர்களிடம் காசு கேட்பான். அப்படி நடந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் எல்லாருக்கும் சொல்லுங்கள். உங்கள் இலக்கத்தால் வட்ஸ்அப்பை மறுபடி பதிந்து கணக்கை மீட்கலாம். மீட்டதும் இரட்டைப் பூட்டும் போட்டுவிடுங்கள்.

இரண்டு: நிவாரணம், பரிசு, இலவச டேட்டா என்று வரும் லிங்குகளை அமத்தக் கூடாது. அஸ்வெசும பற்றிச் சந்தேகம் இருந்தால் பிரதேச செயலகத்திலோ 1924 என்ற இலக்கத்திலோ கேளுங்கள்.

மூன்று: மெசேஜில் காசு கேட்டால், கேட்டவருக்குக் கோல் எடுத்துக் குரலைக் கேட்காமல் ஒரு சதம் அனுப்பக் கூடாது.

"வயது போனவர்களுக்கு எதற்கு இந்த வம்பு? போன் கொடுத்தால் பொய்ச் செய்தி பரப்புவார்கள், ஏமாறுவார்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். பொய்ச் செய்தியை இளைஞர்களும் பரப்புகிறார்கள். படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். பழக்காமல் விட்டால்தான் ஆபத்து அதிகம். போன் எப்படியும் அவர்கள் கைக்கு வரும், விபரம் மட்டும் வராது. "முதலில் சம்பளம் கூடட்டும், போன் பிறகு" என்கிறவர்களும் இருக்கிறார்கள். சம்பளப் போராட்டத்துக்கு ஆள் திரட்டும் செய்தியே இன்று போனில்தான் வருகிறது. அதை ஒரு தலைமுறையே பார்க்க முடியாமல் இருந்தால் நமது பலம்தான் குறையும்.

நாம் செய்ய வேண்டியது

ஒவ்வொரு டிவிசனிலும் தோட்டக் கமிட்டி இரண்டு இளைஞர்களைப் பொறுப்பாக்க வேண்டும். அதில் ஒருவராவது பெண் பிள்ளையாக இருப்பது அவசியம். நமது தாய்மார் தங்கள் சந்தேகத்தை அவளிடம்தான் கூச்சமில்லாமல் கேட்பார்கள். வாரத்தில் இரண்டு பின்னேரம், வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ, சிக்னல் உள்ள இடத்தில் ஐந்தைந்து பேராகக் கூடுங்கள். போன் இல்லாதவர்களும் வரட்டும். சங்கத் தலைவரின் போனில் பழகலாம். ஒருவர் மறந்ததை மற்றவர் ஞாபகப்படுத்துவார். தடுமாறுகிறவரைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. கண் சரியாகத் தெரியாதவரைக் கண் கிளினிக்குக்கு அனுப்பும் வேலையையும் கமிட்டியே பார்த்துக்கொள்ளட்டும்.

சங்கத்தின் அறிவித்தல்கள் எழுத்தில் மட்டும் போனால் போதாது. ஒவ்வொன்றும் வொய்ஸ் மெசேஜாகவும் போக வேண்டும். முதல் வார்த்தையாகத் திகதியைச் சொல்ல வேண்டும். அப்போது பழைய செய்தி மறுபடி சுற்றினாலும் கேட்கிறவருக்குப் பிடிபட்டுவிடும்.

அரசாங்கத்திடமும் கம்பெனிகளிடமும் நாம் கேட்பது இவை: அனர்த்த எச்சரிக்கைகள் தாமதமில்லாமல் தமிழில், எழுத்திலும் குரலிலும் வர வேண்டும். சிக்னல் இல்லாத டிவிசன்களுக்கு டவர் வசதி வேண்டும். ஆபத்தான இடங்களிலுள்ள லயங்களுக்கு ஒலிபெருக்கி வேண்டும்.

மூத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குத் தெரிந்த கும்மிப் பாட்டும், தாலாட்டும், காமன்கூத்துக் கதையும், பழைய வேலைநிறுத்தங்களின் ஞாபகமும் உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. வொய்ஸ் மெசேஜ் பழகியதும் அவற்றைப் பேசிப் பதிந்து குரூப்பில் போடுங்கள். நீங்கள் போன் பழகுங்கள், அவர்கள் உங்களிடமிருந்து வரலாறு பழகட்டும்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக எடுத்து, பொறுப்பாளர் இருவரின் பெயரையும் முதல் வகுப்பு நடக்கும் நாளையும் எழுதிச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்பி வையுங்கள்.